34 மாணவர்கள், ஒரு மருத்துவ மன்றம்: எதிலிருந்து தொடங்குவது?

வாசகி கேட்டது

தென் மாவட்டம் ஒன்றில், அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருக்கும் வாசகி எழுதிய நீண்ட கடிதம் இது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சாரத்தை மட்டும் தருகிறோம்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ பயாலஜி குரூப் பிள்ளைகளிடம் "மருத்துவத் துறைக்குப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு மன்றம் தொடங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். ஒரே நாளில் 34 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் விவசாயக் கூலி, கட்டட வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள். தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார், ஆனால் "நாளைக்கு யாரும் புகாரோடு வந்து நிற்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார்.

ஆசிரியையின் திட்டம் இது. ஆளுக்கு 500 ரூபாய் வாங்கி வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் வாங்குவது. சனிக்கிழமைதோறும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் டாக்டர்களுடன் இருக்கவைப்பது. முடிந்தால் ஆபரேஷன் தியேட்டரையும் பிரசவ வார்டையும் காட்டுவது. ஆண்டு விழா சமயத்தில் ஊர் மக்களுக்கு மாணவர்களே ரத்த வகை, சர்க்கரை, பிரஷர் பார்க்கும் முகாம் நடத்துவது. கடைசியில், மெடிக்கல் அட்மிஷனுக்கு உதவும் வகையில் ஒரு சான்றிதழ் தருவது. அமெரிக்கப் பள்ளிகளில் இப்படி மன்றங்கள் உண்டு, அங்கே மாணவர்கள் மருத்துவருடன் கழித்த மணிநேரத்தைக் கணக்கு வைப்பார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் இந்த யோசனையே வந்ததாம். வாரம் ஒருநாள் நீட் கேள்வித்தாளும் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறார்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வருத்தம். முதல் கூட்டத்தில் விபத்து முதலுதவி வீடியோ ஓடியபோது ஒரு மாணவன் மயங்கி விழுந்துவிட்டான். மறுநாளே வந்து தன் பெயரை அடித்துவிடச் சொல்லியிருக்கிறான்.

மருத்துவரின் பதில்

அன்புள்ள ஆசிரியைக்கு,

தொடங்குங்கள். தயங்கவே வேண்டாம். ஆனால் உங்கள் திட்டத்தில் பாதியை மாற்றியாக வேண்டும். அதில் இரண்டு விஷயங்களைக் கைவிட்டே ஆக வேண்டும்.

அந்த இரண்டுக்கும் முன், சான்றிதழைப் பற்றி. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். இடத்துக்கான தரவரிசை நீட் மதிப்பெண்ணை வைத்து மட்டுமே போடப்படுகிறது. மன்றச் சான்றிதழுக்கோ, மருத்துவமனையில் கழித்த நேரத்துக்கோ ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. அமெரிக்காவில் கணக்கே வேறு. அங்கே பெரும்பாலும் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, நேர்காணலுக்கும் போய்த்தான் மருத்துவக் கல்லூரியில் சேர முடியும். விண்ணப்பத்தில் தன்னார்வப் பணிக்கும், மருத்துவருடன் இருந்து பார்த்த அனுபவத்துக்கும் மதிப்பு உண்டு. 1976-இல் அங்கே தொடங்கிய ஹோசா என்ற மாணவர் அமைப்பின் கிளைகள்தான் பல பள்ளிகளில் நீங்கள் கேள்விப்பட்ட மன்றங்களாக நடக்கின்றன. அந்த மணிநேரக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் பிள்ளைகள் நம்பி ஏமாந்துபோவார்கள். சான்றிதழ் கொடுங்கள், தவறில்லை. "மருத்துவ மன்றத்தில் பங்கேற்றார்" என்பதற்கு மேல் அதில் ஒரு சொல்லும் வேண்டாம். சேர்க்கைக்கு இது உதவாது என்று பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சேர்க்கைக்கு உதவாத மன்றம் எதற்கு? பதினாறு வயதுப் பிள்ளைக்கு மருத்துவமனை என்றால் டாக்டரும் நர்ஸும்தான் தெரியும். அந்த வேலைகளிலும் அன்றாடம் என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரியாமலே "டாக்டர் ஆவேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு, இரண்டு வருடம் நீட் எழுதிவிட்டு, பிறகு ஒடிந்துபோகிறது. அந்த வேலையைக் கிட்டே போய்ப் பார்த்து, தனக்கு இது ஒத்துவருமா, ஒத்துவந்தால் எந்தக் கதவு வழியாகப் போவது என்று அந்தப் பிள்ளை தானே முடிவெடுக்க வேண்டும். இதற்கு உதவினால் போதும், உங்கள் மன்றம் தன் வேலையைச் செய்துவிட்டது.

ரத்தத்தைத் தொடும் எதுவும் வேண்டாம்

கைவிட வேண்டிய முதல் விஷயம் முகாம். மாணவர்கள் விரலில் குத்தி ரத்த வகையோ சர்க்கரையோ பார்க்கக் கூடாது. ஊர் மக்களுக்கும் வேண்டாம், ஒருவருக்கொருவரும் வேண்டாம். கூட்டம் நெருக்கும்போது ஒரே ஊசி இரண்டாவது விரலுக்குப் போய்விடும், அல்லது குத்திய ஊசியைக் குப்பையில் போடப் போன பிள்ளையின் கையிலேயே ஏறிவிடும். மஞ்சள்காமாலை பி வைரஸ் உலர்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். பயன்படுத்திய ஊசிகளைத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் போட்டு முறைப்படி ஒப்படைக்க வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள். பள்ளியில் அதற்கு வழியில்லை. தலைமையாசிரியர் அஞ்சும் புகார் வருமென்றால் இங்கிருந்துதான் வரும்.

இன்னொரு ஆபத்து வெளியே தெரியாது. பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெரியவர் ஒருவர் முகாமுக்கு வருகிறார். கோட்டுப் போட்ட மாணவி பார்த்து "120/80, நார்மல்தான் தாத்தா" என்கிறாள். மறுநாளிலிருந்து அவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். மாத்திரையால்தான் அந்த அளவு வந்தது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அதிகமாகக் காட்டினாலும் சிக்கல்தான். வேகாத வெயிலில் நடந்து வந்தவருக்கு, உட்கார்ந்த உடனே பார்த்தால் அளவு கூடுதலாகத்தான் வரும்.

வெள்ளைக் கோட்டும் இதே காரணத்தால் வேண்டாம். கோட்டையும் ஸ்டெதஸ்கோப்பையும் பார்த்தால் மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி கையை நீட்டி வலிக்கு மாத்திரை கேட்பார். மாணவரென்று தெரியாமலே தன் நோயைச் சொல்லிவிடுவார். பள்ளிச் சீருடையும் "மாணவர்" என்று எழுதிய அட்டையும் போதும். அந்த 500 ரூபாயைக் கேட்காதீர்கள். கூலி வேலை செய்யும் வீட்டில் அது ஒரு நாள் சம்பளம். அதைக் கொடுக்க முடியாத பிள்ளை காரணம் சொல்லாமல் விலகிவிடும். அரசுப் பள்ளியில் அனுமதி இல்லாமல் பணம் வசூலிப்பது உங்களுக்கும் சிக்கல்.

ரத்த வகையைக் கற்றுக்கொடுக்க ரத்தமே தேவையில்லை. பாலில் சில சொட்டு சிவப்பு நிறம் கலந்தால் அதுதான் உங்கள் "ரத்தம்". எல்லா "நோயாளி"க்கும் அதே பால்தான். வித்தியாசத்தைக் குப்பிகளில் வையுங்கள். நிஜச் சோதனையில் ரத்தத்தில் ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி என்ற மூன்று மருந்துகளைத் தனித்தனியாக விட்டு, எதில் அணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன என்று பார்த்து வகையைச் சொல்வார்கள். இங்கேயும் ஒவ்வொரு நோயாளிக்கும் அதே பெயர்களில் மூன்று சொட்டுக் குப்பிகள். எது திரிய வேண்டுமோ அதில் வெள்ளை வினிகர், திரியக் கூடாததில் வெறும் தண்ணீர். ஏ பாசிட்டிவ் நோயாளி என்றால் ஏ குப்பியிலும் டி குப்பியிலும் வினிகர், பி குப்பியில் தண்ணீர். வெள்ளை டைல்ஸ் துண்டில் மூன்று இடத்தில் ஐந்து ஐந்து சொட்டுப் பால் விட்டு, குப்பியிலிருந்தும் ஐந்து சொட்டு விட்டு, இடத்துக்கு ஒரு தனிக் குச்சியால் கலக்கச் சொல்லுங்கள். வினிகர் விழுந்த இடத்தில் பால் திரித்திரியாகிவிடும். ரத்த அணுக்கள் ஒட்டிக்கொள்வதைப் பார்ப்பது போலவே இருக்கும். ஒரே குச்சியால் மூன்றையும் கலக்கிய பிள்ளைக்கு எல்லா இடத்திலும் திரிந்துவிடும். ஆய்வகத்தில் நடக்கும் நிஜமான தவறும் இதுதான். கெட்டிப் பாலில் நன்றாக வரும். தண்ணீர்ப் பாலில் வராது. முதல் நாளே ஒருமுறை செய்து பாருங்கள். முகர்ந்து பார்த்தால் விடை தெரிந்துவிடும் என்பதால் சொட்டுகளை நீங்களே விடுங்கள்.

இந்தப் பாடம் நடத்தும்போது "அப்பா, அம்மா ரத்த வகையைக் கேட்டு எழுதி வாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சில வீடுகளில் பிள்ளையின் வகை பெற்றோரின் வகைகளோடு பொருந்தாது. தத்தெடுத்த பிள்ளையாக இருக்கலாம், பழைய சீட்டில் தவறாக எழுதியிருக்கலாம். அந்தக் கேள்வி வகுப்பறையில் எழக் கூடாது.

ரத்ததான முகாம் நடத்தலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தானம் கொடுக்க 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும். உங்கள் மாணவர்கள் கொடுக்க முடியாது. ரத்த வங்கி நடத்தும் முகாமில் பெயர் பதிவு செய்யலாம், கொடுத்து முடித்தவர்களை உட்காரவைத்துப் பழச்சாறு கொடுக்கலாம்.

மன்றத்துக்குள் பிரஷர் பார்க்கப் பழகலாம், ஒருவருக்கொருவர். கையில் கட்டும் டிஜிட்டல் கருவி ஒன்று போதும். செய்கிற விதத்தைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் கூடாது. சட்டைக் கைக்கு மேல் பட்டையைக் கட்டக் கூடாது. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் மேலே, கை மேசைமீது நெஞ்சு மட்டத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். பிறகு ஒரே மாணவரைச் சரியாக ஒரு தடவையும், கையைத் தொங்கவிட்டுப் பேசிக்கொண்டே ஒரு தடவையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு எண்ணையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், அளவெடுப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று அவர்களே புரிந்துகொள்வார்கள். பெரியவர்களுக்கான 140/90 என்ற வரம்பை வைத்துப் பிள்ளைகளைத் தரம் பிரிக்காதீர்கள். யாருக்காவது அளவு கூடுதலாகத் தெரிந்தால், தனியாகக் கூப்பிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை பார்க்கச் சொன்னால் போதும்.

மருத்துவமனைக்குள் எப்படிப் போவது

கைவிட வேண்டிய இரண்டாவது விஷயம் ஆபரேஷன் தியேட்டரும் பிரசவ வார்டும். கிருமி பரவும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மேசைமீது இருக்கும் பெண் இதற்குச் சம்மதிக்கவில்லை என்பது. இலவசமாகச் சிகிச்சை பெறுகிறவர் "வேண்டாம்" என்று சொல்லத் துணிய மாட்டார். உங்கள் ஊர்ப் பக்கம் இன்னொன்றும் இருக்கிறது. உள்ளே படுத்திருப்பவர் பெரும்பாலும் யாரோ ஒரு மாணவரின் அத்தையாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார். காசநோய்ப் பிரிவு, எச்.ஐ.வி. ஆலோசனை மையம், மகப்பேறு புறநோயாளிப் பிரிவு, இந்த மூன்றின் வாசலுக்குக்கூடப் போக வேண்டாம். நம்பிச் சொன்ன ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

பெரிய மருத்துவமனையை விட, பக்கத்திலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தொடங்குங்கள். அது சின்னதாக இருப்பதால் ஒரே பிற்பகலில் மொத்த வேலையும் கண்ணுக்குத் தெரியும். தலைமையாசிரியர் கையெழுத்துடன் வட்டார மருத்துவ அலுவலருக்குக் கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், உடன் வரும் ஆசிரியர்கள் யார், எந்தெந்த இடங்களைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பவற்றோடு, நோயாளிகள் இருக்கும் அறைக்குள் போக மாட்டோம் என்பதையும் எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரிதான் அவரைச் சம்மதிக்கவைக்கும். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லி அதன் குறிப்பேட்டிலும் ஏற்றிவிடுங்கள். மாணவிகள் அதிகம் இருந்தால் உடன் ஒரு பெண் ஆசிரியர் கட்டாயம்.

34 பேரையும் ஒன்றாகக் கூட்டிப் போகாதீர்கள். ஆறு ஆறு பேராகப் பிரித்து, மாதம் ஒரு குழு. காலையில் புறநோயாளிகள் கூட்டம் இருக்கும். பிற்பகல்தான் ஊழியர்களுக்குப் பேச நேரம் கிடைக்கும். புதன்கிழமை தடுப்பூசி நாள், அன்று வேண்டாம். செல்போன் பள்ளியிலேயே இருக்கட்டும். உள்ளே படம் எடுக்கக் கூடாது, பார்த்த முகத்தைப் பற்றி வீட்டில்கூடப் பேசக் கூடாது. போவதற்கு முன்னால் இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாள் உங்களைக் காப்பதற்காக மட்டும் இல்லை. இந்தத் தொழிலில் அவர்கள் கற்கும் முதல் பாடமே அதுதான்.

உள்ளே எதைப் பார்ப்பது? தடுப்பூசிக் குளிர்பெட்டியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அதன் வெப்பம் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். காலையும் மாலையும் ஒருவர் வந்து பார்த்துத் தாளில் எழுதுவார். மருந்துக் குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். வெப்பம் படப்படச் சதுரத்தின் நிறம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு குப்பியைக் கையில் வைத்து அந்தச் சதுரத்தைப் பார்த்த பிள்ளைக்கு, கடைக்கோடிக் கிராமம்வரை ஊசி வந்துசேர எத்தனை பேர் உழைக்க வேண்டும் என்பது விளங்கிவிடும். அடுத்து மருந்தகம். காலாவதி நாள் முன்னால் வரும் பெட்டியை ஏன் முன்வரிசையில் அடுக்குகிறார்கள் என்று மருந்தாளுநரிடம் கேட்கட்டும். ஆய்வக நுட்புநரிடம், ஒரு மாதிரியில் பெயர் மாறிப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று கேட்கட்டும். கிராம சுகாதாரச் செவிலியருடன் அரைமணி நேரம் உட்காருங்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்று பதிவேடு வைத்து அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லக் கேட்டாலே போதும். பதிவேட்டைப் பிள்ளைகள் புரட்டிப் பார்க்க வேண்டாம். "இந்த வேலையில் உங்களுக்குப் பிடிக்காதது எது?" என்ற கேள்வியையும் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். இரவு ஷிப்ட், கால் வலி, கோபப்படும் உறவினர்கள் பற்றியெல்லாம் பிள்ளைகளுக்கு வேறு யாரும் சொல்வதில்லை.

பள்ளிக்குள் செய்ய வேண்டியவை

பள்ளி வேலை நாளில் மாதம் இரண்டு கூட்டம், ஒரு மணி நேரம். அதற்கு மேல் வைத்தால் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். பிளஸ் டூ மாணவர்களை டிசம்பரோடு விடுவித்துவிடுங்கள். அதன் பிறகு அவர்களுக்குச் செய்முறைத் தேர்வும் பொதுத் தேர்வும்தான். மன்றத்தை நடத்துவது பிளஸ் ஒன் பிள்ளைகளாக இருக்கட்டும். உங்கள் பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸ் இருந்தால் அந்தப் பொறுப்பாசிரியருடன் சேர்ந்துகொள்ளுங்கள். அனுமதிக்குத் தனியாக அலைய வேண்டியதில்லை.

முதலுதவிக்கு வீடியோ வேண்டாம், கையால் செய்து பழக வேண்டும். உங்கள் ஊரில் நிஜமாக நடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது; கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. வாயில் எதையும் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசி போடப் போக வேண்டும். தீக்காயத்துக்குப் பற்பசையும் மாவும் வேண்டாம். சாதாரணக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பூச்சிமருந்து குடித்தவரை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. அந்த டப்பாவைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். இதயம் நின்றவருக்குச் செய்யும் நெஞ்சு அழுத்தப் பயிற்சி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். பொம்மை கிடைக்காவிட்டால் கெட்டியான தலையணையில் வேகத்தையாவது பழகலாம். ஒருவர் மேல் ஒருவர் அழுத்திப் பழகக் கூடாது. 108-க்குப் பேசுவதையும் நடித்துப் பாருங்கள். பதற்றத்தில் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, எந்தத் தெரு, எந்தக் கோயில் பக்கம் என்பதைச் சொல்லாமல் போனை வைத்துவிடுவோம்.

கை கழுவுவதை எளிது என்று விட்டுவிடாதீர்கள். மாணவரின் கண்ணைக் கட்டி, உள்ளங்கையில் கொஞ்சம் வண்ணப் பசையை ஊற்றி, சோப்பென்று நினைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கட்டை அவிழ்த்தால் கட்டைவிரலின் பின்பக்கமும் விரல் நுனிகளும் வெளுப்பாகவே இருக்கும். அறுவை மருத்துவர்களும் செவிலியர்களும் விட்டுவிடும் இடங்களும் இவைதான்.

ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கும் வழி இருக்கிறது. டெங்கு கொசு முட்டையிலிருந்து வெளியே பறக்க ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை தேங்கிய தண்ணீரைக் கொட்டினாலே அந்தச் சுற்று அறுந்துவிடும். பள்ளி வளாகத்தை ஒரு தாளில் வரைந்து கட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு கட்டம் கொடுங்கள். வெள்ளிதோறும் எங்கே கொசுப்புழு இருந்தது என்று குறிக்கட்டும். மூன்று மாதத்தில், எந்த மூலையில் திரும்பத் திரும்ப வருகிறது, ஏன் என்று அவர்களே சொல்வார்கள். பொது சுகாதாரம் என்ற துறை இப்படித்தான் வேலை செய்கிறது. சுகாதார ஆய்வாளரை ஒருநாள் வரச்சொல்லி இந்த வரைபடத்தைக் காட்டுங்கள்.

நீட் கேள்வித்தாளை மன்றத்துக்குள் கொண்டுவராதீர்கள். அதற்கென்று வகுப்பும் பயிற்சியும் தனியாக இருக்கட்டும். மன்றத்தில் மதிப்பெண் நுழைந்துவிட்டால், நாலாவது கூட்டத்தில் நன்றாக மார்க் வாங்கும் எட்டுப் பேர்தான் மிஞ்சுவார்கள்.

எம்.பி.பி.எஸ். மட்டும்தானா?

இதில் உங்கள் கடிதத்தோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. "34 பேரில் ஐந்து பேரையாவது டாக்டராக்கிவிட வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி 29 பேர் தோற்றவர்களா? செவிலியர், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட், கண் பரிசோதகர், கேட்புத்திறன் வல்லுநர், எக்ஸ்ரே, டயாலிசிஸ், மயக்க மருந்துப் பிரிவுத் தொழில்நுட்பர் என்று ஒரு மருத்துவமனையை நடத்துகிறவர்கள் இவர்கள்தான். ஒரு கூட்டத்துக்கு ஒருவர் என்று அழைத்துப் பேசவையுங்கள். டாக்டரை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கூப்பிடுங்கள். முதலிலேயே கூப்பிட்டால் பிறகு வருகிறவர்களைப் பிள்ளைகள் இரண்டாம் தரமாகப் பார்ப்பார்கள்.

பலருக்குத் தெரியாத இரண்டு செய்திகள். சித்த மருத்துவப் பட்டப்படிப்புக்கும் நீட் வேண்டும். கால்நடை மருத்துவத்துக்கு, மாநில ஒதுக்கீட்டு இடங்களில் இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. துணை மருத்துவப் படிப்புகளின் விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைப் பார்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. தகுதி இருந்தும் பிள்ளைகள் தடுமாறுவது காகிதத்தில்தான். இடையில் ஊர் மாறி மூன்று பள்ளியில் படித்த பிள்ளை, மூன்று பள்ளியிலும் படித்ததற்கான சான்று வாங்க வேண்டும். விண்ணப்பத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஓடினால் அந்தப் பள்ளி விடுமுறையில் இருக்கும். பிளஸ் ஒன்னிலேயே ஒரு கூட்டத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஆறு முதல் எந்தெந்தப் பள்ளி என்று ஒவ்வொருவரும் எழுதட்டும். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எவை கையில் இருக்கின்றன, பிறந்த தேதியும் பெயரின் எழுத்தும் ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். நீட் எழுத, சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும், அதையும் பார்த்துவிடுங்கள்.

பொதுத் தேர்வு முடிந்த கையோடு "ஆறே மாதத்தில் நர்சிங், நூறு சதவீத வேலை" என்று துண்டுச்சீட்டு வரும். அதில் பணம் கட்டி ஏமாறுவது உங்கள் மாணவர்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகள்தான். அந்தப் படிப்புக்குச் செவிலியர் குழுமம், மருந்தியல் குழுமம், மருத்துவப் பல்கலைக்கழகம் என எதன் அங்கீகாரம் இருக்கிறது என்று கேட்டு, அந்த அமைப்பின் பட்டியலில் கல்லூரி பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் பழக்கத்தை மன்றத்திலேயே ஏற்படுத்துங்கள். கணினி ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் போதும்.

மதிப்பெண் வராமல் ஒடிந்துபோகும் பிள்ளையை நீங்கள்தான் முதலில் கவனிப்பீர்கள். 104, 14416 இரண்டு எண்களிலும் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும். அவற்றை மன்ற அறிவிப்புப் பலகையில் எப்போதும் எழுதி வையுங்கள்.

மயங்கி விழுந்த மாணவன்

ரத்தத்தைப் பார்த்ததும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கி மூளைக்குப் போகும் ரத்தம் குறைவதால் வரும் மயக்கம் இது. மருத்துவக் கல்லூரி முதலாண்டிலும் பலருக்கு வரும். கோழைத்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழகப் பழகப் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வரும்போதே கை, தொடை, வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கிப் பிடித்து விடுவதைச் சில முறை செய்தால் அழுத்தம் இறங்காமல் நிற்கும். முடியாவிட்டால் வெட்கப்படாமல் அங்கேயே படுத்துக் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். ரத்தம் எதையும் பார்க்காமலே, அல்லது ஓடும்போது விழுந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டி இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள். பெயரை அடிக்க வேண்டாம். அன்று அவன் காலையில் சாப்பிட்டிருந்தானா என்றும் கேட்டுப் பாருங்கள். வெறும் வயிற்றோடு, புழுக்கமான அறையில் நின்றுகொண்டு பார்த்தால் யாருக்கும் சீக்கிரம் மயக்கம் வரும். அடுத்த கூட்டம் பால் ரத்த வகைச் சோதனையாக இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், ஜன்னல் ஓரத்தில் உட்காரவையுங்கள்.